நாட்டுச்சர்க்கரை பற்றி சண்முகத்துக்கு

அன்புள்ள சண்முகம்,

சாராயத்தைத் தொட்டதே இல்லை, எனக்கு எப்படிடா கல்லீரலில் கொழுப்பு என்று கொதித்து எழுதியிருந்தாய். கோபம் நியாயம்தான். ஆனால் குடிக்காதவர்களுக்கும் அது வருகிறது, இப்போது நிறையவே வருகிறது. அதிலும் நம்மவர்களுக்குக் கை கால் ஒல்லியாக இருக்கும், வயிறு மட்டும் முன்னே வரும். கொழுப்பெல்லாம் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். புனேயில் டாக்டர் யாக்னிக் பல காலமாக ஆராய்ந்து வருவது இந்த உடல்வாகைத்தான். அதனால் எடை பார்க்கும் மெஷின் சொல்வதை மட்டும் நம்பி நிம்மதியாக இருந்துவிடாதே.

“வெள்ளைச் சர்க்கரையை வீட்டை விட்டே விரட்டிவிட்டேன், எல்லாம் நாட்டுச்சர்க்கரைதான்” என்று பெருமையாக எழுதியிருக்கிறாயே, அங்கேதான் எனக்குச் சண்டை. சர்க்கரை ஆலை ஆய்வகத்தில் காலம் தள்ளியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். கரும்புச் சாற்றைக் காய்ச்சி, மொலாசஸ் என்ற கருப்புப் பாகைப் பிரித்துவிட்டுப் படிகத்தை மட்டும் எடுத்தால் வெள்ளைச் சர்க்கரை. பிரிக்காமல் அப்படியே இறுக விட்டால் வெல்லம், கிளறிப் பொடியாக்கினால் நாட்டுச்சர்க்கரை. நிறம், மணம், கொஞ்சம் தாது உப்பு கூடுதல். அதுவும் காபிக்குப் போடும் இரண்டு ஸ்பூனில் எவ்வளவு வந்துவிடும்? மற்றபடி நூற்றுக்கு எண்பதுக்கு மேல் சர்க்கரைதான். கருப்பட்டியும் இந்தக் குடும்பம்தான். ருசிக்காகச் சாப்பிடு, நானும் சாப்பிடுகிறேன். மருந்து என்று நினைத்து ஒரு ஸ்பூன் கூடுதலாகப் போடாதே.

வெள்ளையோ நாட்டுச்சர்க்கரையோ, எது உள்ளே போனாலும் குடலில் பாதி குளுக்கோஸ், பாதி பிரக்டோஸ் என்று இரண்டு எளிய சர்க்கரைகளாக உடைகிறது. குளுக்கோஸ் ரத்தத்தில் கலந்ததும் இன்சுலின் சுரக்கிறது. தசை, மூளை எல்லாம் பங்கு போட்டுக்கொள்கின்றன. பிரக்டோஸின் பெரும்பங்கு கல்லீரலுக்குத்தான் போகிறது. குளுக்கோஸை எரிக்கும் பாதையில், ‘போதும்’ என்று கல்லீரல் கை காட்டி நிறுத்தும் இடம் ஒன்று உண்டு. பிரக்டோஸ் அந்தக் கட்டத்துக்கு அப்பால்தான் பாதையில் சேர்கிறது, அதனால் வந்ததெல்லாம் உள்ளே போகும். செலவுக்கு மிஞ்சியதில் ஒரு பங்கு கொழுப்பாகிறது. கொஞ்சம் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பாக ரத்தத்துக்கு வரும், கொஞ்சம் கல்லீரலிலேயே தங்கிவிடும். யூரிக் அமிலமும் ஏறும், அது மூட்டில் படிந்தால் வலிக்கும். உன் கால் பெருவிரல் வலியையும் டாக்டரிடம் சொல்லிவை.

இதற்காகப் பழத்துக்குப் பயப்படாதே. முழுப் பழத்தில் நாரோடு மெதுவாகத்தான் இறங்கும், இரண்டு சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிடும். அதையே ஜூஸாகப் பிழிந்தால் உலக சுகாதார நிறுவனமே சர்க்கரைக் கணக்கில் சேர்த்துவிடுகிறது. தேனும் அதே கணக்குதான். 2015இல் அவர்கள் சொன்னது: ஒரு நாள் சாப்பாட்டின் மொத்தக் கலோரியில் இப்படிப்பட்ட சர்க்கரை பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஐந்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 50 கிராம், 25 கிராம் என்று வரும். இப்போது உன் கணக்கைப் பார். ஐந்து வேளை காபிக்கு இரண்டிரண்டு ஸ்பூன் என்றால் 40 கிராம். காலையில் எலுமிச்சையோடு ஒரு மேசைக்கரண்டி தேன், அது 17 கிராம். சாயங்கால சாத்துக்குடி ஜூஸை நான் இன்னும் தொடவே இல்லை.

எடை விஷயத்தில் மட்டும் சர்க்கரையைத் தனியாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற மாட்டேன். 2013இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து எழுதினார்கள். சர்க்கரையைக் குறைத்தவர்களுக்குச் சராசரியாக 0.8 கிலோ இறங்கியது. கூட்டியவர்களுக்கு ஏறக்குறைய அதே அளவு ஏறியது. ஆனால் சர்க்கரையை எடுத்துவிட்டு அதே கலோரிக்கு வேறு மாவுப்பொருள் கொடுத்தபோது எடை அசையவில்லை. அதாவது, சர்க்கரையை நிறுத்திய தியாகத்துக்குப் பரிசாக ராத்திரி இரண்டு தோசை கூடப் போட்டுக்கொண்டால் ஒன்றும் நடக்காது. குடிக்கிற சர்க்கரை வயிற்றை நிரப்புவதில்லை, சாப்பாட்டின் மேல் கூடுதலாக ஏறிவிடுகிறது. முதலில் தேன் தண்ணீரையும் ஜூஸையும் நிறுத்து. காபியில் பிறகு கை வைக்கலாம், ஒரேயடியாகப் பறித்தால் நீ என்னோடு பேச மாட்டாய்.

பேத்திக்கு ஒரு வயது ஆகவில்லையே, நாக்கில் தேன் தடவ யாரையும் விடாதே. கிருமியின் நச்சால் வரும் ‘பாட்டுலிசம்’ என்ற நோயின் ஆபத்து அந்த வயதில் நிஜம். இனிப்பையும் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். பிரிட்டனில் போர்க்காலத்தில் வந்த சர்க்கரை ரேஷன் 1953 செப்டம்பரில்தான் முடிந்தது. கருவிலும் முதல் இரண்டு வயதிலும் ரேஷனில் வளர்ந்தவர்களையும், அதற்குப் பின் பிறந்தவர்களையும் ஒப்பிட்டு 2024இல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. முன்னவர்களுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 35 சதவீதம் குறைவாம். படித்துவிட்டு என் மகளுக்கும் போன் போட்டேன், “சரிப்பா, சரிப்பா” என்று வைத்துவிட்டாள்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். கமலாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, கோயில் வரை நடக்கிறாள். ஸ்கேனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய நீ, டிரைகிளிசரைடு எவ்வளவு, மூன்று மாதச் சர்க்கரை அளவு எவ்வளவு என்று எழுதவே இல்லையே. பார்த்து எழுது.

அன்புடன்,
ராமலிங்கம்