எப்.சி. முடிந்த வண்டியும் இன்சூரன்ஸ் பணமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மலைப்பாதை விபத்து என்றாலே பிரேக், கொண்டை ஊசி வளைவு, வெளியூர் டிரைவர் என்றுதான் பேச்சு போகிறது. விபத்து முடிந்த பிறகு எங்கள் பக்கத்து வண்டிக்காரர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் வேறு. அதை யாரும் எழுதுவதில்லை.

கோத்தகிரி வட்டாரத்தில் பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப் வண்டிகள் ஏராளம். இலை நன்றாக வரும் மாதத்தில் எப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) புதுப்பிக்கும் தேதி விழுந்தால் தள்ளிப்போடுவதே வழக்கம். டிங்கரிங், பெயின்ட், டயர் என்று வண்டியை ஷெட்டில் விட வேண்டும், அப்புறம் ஊட்டிக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பறித்த இலை அதுவரை காத்திருக்காது. ‘இன்சூரன்ஸ்தான் கட்டியிருக்கிறதே’ என்ற தைரியம் வேறு.

போன மழையில் எங்கள் ஊரில் இலை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பிக்கப் மீது சில்வர் ஓக் மரம் சாய்ந்தது. நல்லவேளை, உள்ளே ஆள் இல்லை. கேபின் அப்பளமாக நொறுங்கிவிட்டது. சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார், குனிந்து டார்ச் அடித்துச் சேசிஸ் நம்பரைப் படம் எடுத்தார், ஆர்.சி., லைசென்ஸ், எப்.சி. மூன்றையும் கேட்டார். எப்.சி. முடிந்திருந்தது. பாலிசி நடப்பில் இருந்தும் கிளைம் இல்லை என்று கடிதம் வந்தது. “மரம் விழுந்ததுக்கும் எப்.சி.க்கும் என்னங்க சம்பந்தம்?” என்று வண்டிக்காரர் கேட்டது நியாயமான கேள்வி.

ஆனால் சட்டம் வேறு மாதிரி பார்க்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 56-ஆவது பிரிவின்படி, எப்.சி. இல்லாத போக்குவரத்து வண்டி (சரக்கோ வாடகைக்கு ஆளோ ஏற்றுவது) முறையாகப் பதிவானதாகவே கருதப்படாது. பதிவு இல்லாத வண்டி விஷயத்தில் உச்ச நீதிமன்றம் கறாராக இருக்கிறது. தற்காலிகப் பதிவு முடிந்த கார் ஜோத்பூரில் திருடு போன வழக்கில், பணம் தர வேண்டியதில்லை என்று 2021-இல் தீர்ப்பு வந்தது. திருட்டுக்கும் பதிவுக்கும் மட்டும் என்ன சம்பந்தம்? ஆனால், வீட்டு உபயோக வண்டியை வாடகைக்கு ஓட்டிய ஒரு வழக்கில் 2010-இல் அதே நீதிமன்றம் முழுதாக மறுக்கக் கூடாது என்று ஒரு பகுதியைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. ஆகவே மறுப்புக் கடிதம் வந்ததும் கையை விரித்துவிட வேண்டாம். சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் கட்டணமின்றி முறையிடலாம். ஊட்டியிலேயே நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது.

எப்.சி. இல்லாத வண்டி மோதி அடுத்தவருக்கு அடிபட்டால் கதை இன்னும் மோசம். பெரும்பாலும் நீதிமன்றம் முதலில் இன்சூரன்ஸ் நிறுவனத்தைக் கொடுக்கச் சொல்லும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளச் சொல்லும். காயப்பட்டவருக்குப் பணம் கிடைத்துவிடும், அது நல்லதுதான். அரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர் அந்தத் தொகைக்கு எங்கே போவார்?

இங்கே ஓடும் பழைய ஜீப்புகளின் கதை தனி. ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆர்.சி.யில் பெயர் மாறுவதே இல்லை. வாங்கியவர் 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவித்துப் பாலிசியையும் மாற்றிக்கொள்ளாவிட்டால், வண்டிச் சேதத்துக்கு அவர் கேட்க முடியாது; விற்றவர் கேட்கலாம் என்றால் வண்டி அவருடையது இல்லை. ஆனால் விபத்து வழக்கு மட்டும் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரைத் தேடி வரும். 2018-இல் உச்ச நீதிமன்றமே இதை உறுதிசெய்திருக்கிறது. பதினைந்து வருடம் தாண்டிய சொந்த ஜீப்புக்குப் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டாலும் சிக்கல்தான்.

புகைச் சான்று இல்லாவிட்டால் கிளைமே கிடையாது என்று ஒரு பேச்சு சுற்றுகிறதே, அது சரியில்லை. அதைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-இலேயே சொல்லிவிட்டது. அபராதம் தனி.

சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் பார்க்கக் கல்லாறு, குஞ்சப்பனை சோதனைச் சாவடிகளில் ஆள் நிற்கிறது. உள்ளூர் வண்டிக்கு எப்.சி. பார்க்க மட்டும் எல்லோரும் ஊட்டி ஏற வேண்டுமா? இலை குறையும் பனிக்காலத்தில் கோத்தகிரியிலும் மஞ்சூரிலும் போக்குவரத்துத் துறை எப்.சி. முகாம் நடத்த வேண்டும். இன்சூரன்ஸ் நிறுவனங்களும் போக்குவரத்து வண்டிகளுக்குப் பிரீமியம் வாங்கும்போதே எப்.சி. தேதியைக் கேட்டுப் பாலிசியில் அச்சடிக்கட்டும். கிளைம் நாளில் கேட்கத் தெரிந்தவர்களுக்குப் பணம் வாங்கும் நாளில் கேட்க என்ன தடை?

— ஒரு வாசகர், கோத்தகிரி