செய்யாறு வட்டாரத் தெருக்கூத்து ஜமாக்களுக்கு (குழுக்களுக்கு) மழைக்காலப் பயிற்சிக் கூடம் வேண்டி கோரிக்கை மனு

அனுப்புநர்:
செய்யாறு, வெம்பாக்கம், வந்தவாசி வட்டங்களைச் சேர்ந்த தெருக்கூத்துக் கலைஞர்கள்,
திருவண்ணாமலை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருவண்ணாமலை.

பொருள்: ஐப்பசி முதல் மார்கழி வரை பயிற்சிக்கும், கட்டைகளை (மரத்தால் ஆன வேட அணிகளை) பாதுகாக்கவும் ஊராட்சிச் சமுதாயக் கூடம் ஒன்றை ஒதுக்கக் கோருதல் மற்றும் அது தொடர்பானவை.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

பங்குனியில் கொடியேறினால் ஆடி வரை எங்கள் வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத விழாதான். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளம் (பாரதப் போர்க்கள நிகழ்வு), தீமிதி. இந்த மாதங்களில் ஜமாக்களுக்கு வேலை உண்டு. எங்கள் வட்டாரத்துப் புரிசை கிராமத்தின் பெயரை நாடறியச் செய்த கலையும் இதுதான். கூத்து குறைவது மழை பிடித்த பிறகுதான். புதுப் பிள்ளைகள் அடவு பழகுவது, கட்டைகளைச் செப்பம் பார்ப்பது, புது நாடகத்தை ஒத்திகை பார்ப்பது எல்லாம் அந்த மூன்று மாதத்தில்தான் நடந்தாக வேண்டும். அதற்கு நனையாத ஓர் இடம் இல்லை என்பதே எங்கள் தலையாய குறை.

கட்டை என்று நாங்கள் சொல்லும் கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் ஆகியவை கல்யாண முருங்கை மரத்தில் செய்யப்படுபவை. இரவெல்லாம் தலையிலும் தோளிலும் தாங்கி ஆட வேண்டும் என்பதால்தான் எடை குறைந்த அந்த மரம். அதே மரம் ஈரத்தையும் சீக்கிரம் குடித்துவிடும். ஊறினால் ஒட்டிய தாள் எழும்பும், கண்ணாடிச் சில்லுகள் ஒவ்வொன்றாக உதிரும், இணைப்புகள் விலகும். காயும்போது கீறல் விடும். பிறகு பூச்சி துளைத்து, கட்டையைத் தூக்கினால் அடியில் மாவு கொட்டும். தார்ப்பாயில் இறுகச் சுற்றிவைத்தால் உள்ளே வியர்த்து இன்னும் கெடும். தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், சுவரை ஒட்டாமல், காற்றோட்டமாகப் பலகை மேல் வைப்பதுதான் முறை. குடிசையிலும் ஓட்டு வீட்டிலும் அதற்கு இடம் கிடையாது. மிருதங்கத் தோலும், சிறிய ஊதுகருவியான முகவீணையின் சீவாளியும் (ஊதும் நாணல் துண்டும்) மழை ஈரத்தில் படும் பாடு தனி.

ஆகவே செய்யாறு பேருந்து நிலையத்திலிருந்து சென்றுவர வசதியுள்ள ஓர் ஊராட்சியில், பூட்டிக் கிடக்கும் சமுதாயக் கூடம் ஒன்றை மாலை 5 மணி முதல் 8 மணி வரை எங்களுக்குத் தரக் கேட்கிறோம். புதுக் கட்டடம் வேண்டாம். ஆடுகளமாகப் பதினைந்து அடிக்குப் பதினைந்து அடி போதும். கிரீடம் கட்டிக் கிறிக்கி அடிக்கும்போது (வேகமாகச் சுழன்று ஆடும்போது) மேலே மின்விசிறி இருக்கக் கூடாது. தரை சொரசொரப்பான சிமெண்டாக இருப்பது நல்லது; வழவழப்பான டைல்ஸில் சலங்கைக் கால் வழுக்கி முழங்கால் பிசகும். ஒழுகாத கூரை, கட்டை வைக்க ஆறடி நீளத்தில் மூன்று மரப் பலகை, பூட்டுள்ள ஓர் அறை, பெண்பிள்ளைகளும் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை. இவ்வளவே. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002இல் தொடங்கி 2020 வரை நடந்த கட்டைக்கூத்து குருகுலம் பெண்பிள்ளைகளும் இக்கலையைக் கற்று ஆட முடியும் என்று காட்டியிருக்கிறது. இங்கே ஆசைப்படும் பெண்பிள்ளைகளைப் பெற்றோர் அனுப்பத் தயங்குவது இடவசதிக் குறைவால்தான்.

கூடம் மட்டும் போதாது, சொல்லித்தர ஆளும் வேண்டும். அடவுக்கும் பாட்டுக்கும் ஒரு வாத்தியார், மிருதங்கத்துக்கு ஒருவர், முகவீணைக்கு ஒருவர் என மூவருக்கு மூன்று மாத மதிப்பூதியத்தை மாவட்டக் கலை மன்றம் வழியாக வழங்க வேண்டுகிறோம். மூன்றில் முகவீணைக்குத்தான் அவசரம். வாசிப்பவர் கிடைக்காமல் ஆர்மோனியத்தோடு ஒப்பேற்றும் ஜமாக்கள் உண்டு. முகவீணையின் ஒலி கூர்மையானது. கற்றுக்கொள்ளும் பிள்ளை வீட்டில் உட்கார்ந்து தினமும் ஊதினால் அக்கம்பக்கம் பொறுக்காது.

கலை பண்பாட்டுத் துறையின் மண்டல மையம் காஞ்சிபுரத்திலும், ஆட்சியர் அலுவலகம் திருவண்ணாமலையிலும் இருப்பதால், நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பருவத்தில் இரவு ஆடிவிட்டுப் பகலில் அலைய உடம்பு இடம் கொடுப்பதில்லை. ஐப்பசியில் செய்யாறிலேயே ஒருநாள் பதிவு முகாம் நடத்தினால் பாதிக் கஷ்டம் தீரும்.

மழைக்காலத்தில் டெங்கு உள்ளிட்ட விழிப்புணர்வு நிகழ்ச்சிகளை அரசு நடத்துகிறது. அவற்றை இவ்வட்டார ஜமாக்களுக்கே தாருங்கள். கட்டியங்காரன் (கதையை நடத்திச் செல்லும் கோமாளி), ஆண் வேடம், பெண் வேடம், மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணை என ஆறு பேர் இருந்தால் அரை மணி நேர ஆட்டம் நிற்கும். ஒரு வேண்டுகோள்: துண்டறிக்கையை முதல் நாள் கொடுத்துப் பாடச் சொன்னால் அது கூத்தாக வராது, கட்டியங்காரன் வாயில் அறிவிப்பாகத்தான் வரும். சொல்ல வேண்டிய மூன்று செய்திகளை இரண்டு வாரம் முன்பே தந்தால், பாட்டும் வசனமும் கட்டி அலுவலரிடம் காட்டிவிட்டே ஆடுவோம். ஊதியத்தை ஆடிய அன்றே, முடியாவிட்டால் பாதியையாவது, வழங்க வேண்டும். வண்டி வாடகையை நாங்கள் கைக்காசில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க இயலவில்லை.

அடுத்து இரவு அனுமதி. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பதும், சமய, பண்பாட்டு விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் இரவு 12 மணி வரை தளர்வளிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு என்பதும் நாங்கள் அறிந்ததே. விதியை மீறக் கேட்கவில்லை. பாரத விழாவின் முக்கிய நாட்களை அந்தத் தளர்வில் சேர்க்க அரசுக்குப் பரிந்துரைக்கவும், அனுமதிக் கடிதத்தைக் கூத்துக்குப் பத்து நாள் முன்பே தரவும் கேட்கிறோம். முகவெழுத்து முதல் கிரீடம் வரை வேடம் கட்ட இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. 12 மணிக்கு முடிக்க வேண்டும் என்று முன்பே தெரிந்தால் மாலை 4 மணிக்கே வேடம் கட்ட உட்கார்ந்து, நாடகத்தைச் சுருக்கி, 7 மணிக்குத் திரை பிடித்துவிடுவோம். ஆட்டம் நடக்கும்போது வந்து நிறுத்தச் சொன்னால் திரௌபதி துகிலுரியும் காட்சி பாதியில் நிற்கிறது. நேர்த்திக்கடனாகக் கூத்து விட்ட குடும்பத்துக்கு அதைவிட மனவேதனை இல்லை.

கூடத்தைப் பார்வையிட வட்டார வளர்ச்சி அலுவலரை ஆவணிக்குள் அனுப்பிவைத்தால், எந்தக் கட்டடம் கூத்துக்கு ஒத்துவரும் என்பதை உடன் வந்து காட்டுகிறோம். கூரைப் பழுது இருந்தால் மழைக்கு முன் சரிசெய்ய அப்போதுதான் நாள் கிடைக்கும்.

இப்படிக்கு,
செய்யாறு, வெம்பாக்கம், வந்தவாசி வட்டங்களின்
தெருக்கூத்துக் கலைஞர்கள்

இடம்: செய்யாறு

இணைப்பு: ஜமா வாரியாகக் கலைஞர் கையொப்பப் பட்டியல், வரும் பருவத்துக்கான பாரத விழா நாட்களின் பட்டியல்.