ஓணான்மேல் கல்லை ஓங்கிய தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை காலை சென்னை செம்மொழிப் பூங்காவில், கையில் கல்லோடு நின்ற உன்னைப் பார்த்து "டேய், போடாதே!" என்று கத்தியவன் நான்தான். "அது ரத்தம் உறிஞ்சும் அங்கிள்" என்றாய். நான் வாய் திறப்பதற்குள் உன் அம்மா கூப்பிட, ஓடிவிட்டாய். அதட்டியதுதான் மிச்சம், பதில் சொல்லவில்லை. அந்தக் கடனுக்குத்தான் இந்தக் கடிதம்.

யோக்கியன்போலப் பேச எனக்கு அருகதை கிடையாது. உன் வயதில் தென்னை ஈர்க்கில் சுருக்குப் போட்டு ஓணான் பிடித்தவன் நான். ராமர் தாகத்தோடு வந்தபோது அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் மூத்திரம் கொடுத்ததாம். அதனால் ஓணானை அடித்தால் புண்ணியம்! எங்கள் தெருப் பையன்கள் அத்தனை பேருக்கும் இந்தக் கதை தெரியும்.

சரி, ரத்தத்துக்கு வருவோம். அதன் தலையும் தோளும் சிவந்திருந்ததே, அது குடித்த ரத்தம் இல்லை. கோடை அவற்றுக்கு இணை சேரும் காலம். ஆண் ஓணானுக்குத்தான் அந்தச் சிவப்பு வரும், தொண்டையில் கறுப்பும் ஏறும். முன்னங்காலை ஊன்றி எழுந்தெழுந்து தண்டால் எடுத்ததைப் பார்த்திருப்பாய். 'இது என் மரம்' என்று இன்னோர் ஆணை விரட்டவும், பெண்ணின் கண்ணில் படவும்தான் அந்த வித்தை. மிரண்டால் சாயம் போய்விடும். நீ கல்லை ஓங்கியதும் அது வெளிறிப்போனதைக் கவனித்தாயா?

நீ போனபிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கால் மணி நேரத்தில் அது மறுபடி கீழே இறங்கி, வரிசையில் போன எறும்புகளை ஒவ்வொன்றாக நக்கி விழுங்கியது. மேலே குயில் விடாமல் கூவ, இரண்டு காக்கைகள் அதைத் துரத்தின. கூட்டில் முட்டை இருக்கும்போல. சரக்கொன்றை இலைகளில் வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சி ஒன்று முட்டையிட்டுக்கொண்டிருந்தது. வெயில் ஏறியதும் எல்லாம் அடங்கிவிட்டன, என்னையும் சேர்த்து.

உனக்கு ஒன்று தெரியுமா, 2008 வரை அந்த இடத்தில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் இருந்தது. மரத்தடியில் காரை நிறுத்தினால் தோசை காருக்கே வரும். 2010 நவம்பரில்தான் பூங்கா திறந்தார்கள். பழைய மரங்கள் பல இன்னும் நிற்கின்றன. நீ குறிவைத்த ஓணானின் பாட்டன் யாராவது சாம்பார் வாசனையில் வளர்ந்திருக்கலாம், யார் கண்டது!

முக்கியமான விஷயம் இனிமேல்தான். நேற்று அதே மரத்துக்குப் பக்கத்தில், தண்ணீர் பாய்ச்சிய ஈர மண்ணை ஒரு பெண் ஓணான் தோண்டிக்கொண்டிருந்தது. சிவப்பெல்லாம் கிடையாது, வெறும் மண் நிறம். பத்து இருபது முட்டை வரை இடும். குழியை மூடி, மண்ணை அழுத்திவிட்டுப் போனால் அவ்வளவுதான், அடைகாப்பது வெயிலின் வேலை. குஞ்சு வெளியே வர ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும்.

அந்த இடத்தில் யாரும் கொத்திவிடக் கூடாதே என்று தோட்டக்காரரிடம் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் அவரே ஒரு காய்ந்த குச்சியை அடையாளத்துக்கு நட்டுவைத்தார். பள்ளிக்கூடம் திறந்து இரண்டு மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா. குச்சிக்குப் பக்கத்துப் பெஞ்சில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அன்று கத்திய அங்கிள்