கையெழுத்துப் போட்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

போன மாதம் பதவி உயர்வு ஆணை கைக்கு வந்தது. உதவியாளராக இருந்தவள் இப்போது கண்காணிப்பாளர். ஆணையை நானேதான் படித்தேன். அதாவது கணினி படிக்க, நான் கேட்டேன். மொத்தம் இரண்டே பக்கம். அதற்குப் பின்னால் இரண்டரை வருடம் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொருவராக ஃபோன் செய்து நன்றி சொல்லப் பார்த்தேன், மூன்றாவது ஆளிலேயே தொண்டை அடைத்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். யார் பெயரையும் போடவில்லை. பலர் இன்னும் பணியில் இருக்கிறீர்கள், வம்பு வேண்டாம்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: எனக்கு ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய். முதலில் இருட்டில் பார்வை போகும். அப்புறம் ஓரப் பார்வை சுருங்கிச் சுருங்கி, குழாய்க்குள் எட்டிப் பார்ப்பதுபோல் நடுவில் மட்டும் கொஞ்சம் மிஞ்சும். பணியில் சேர்ந்தபோது பளிச்சென்று தெரிந்த கோப்பு, பன்னிரண்டாவது வருடத்தில் எறும்பு ஊர்வதுபோல் ஆகிவிட்டது. மறைக்காமல் அலுவலகத்தில் சொன்னேன். சொன்ன மறுவாரமே என் இருக்கையை மாற்றினார்கள். அனுப்புகைப் பிரிவில் ஓரமாக ஒரு நாற்காலி, தன்பதிவேடு (என் பொறுப்புக்கு வரும் கடிதங்களைக் குறித்துவைக்கும் ஏடு) கிடையாது, கோப்பு கிடையாது. "உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னுதாம்மா" என்றார்கள். ஒன்றரை வருடம் சிரமமே இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. பக்கத்து இருக்கைத் தம்பிதான் எனக்குப் படித்துக் காட்டினான். முதுநிலை வரிசைப்படி படித்துக்கொண்டே வந்தவன், என் இடம் வந்ததும் நிறுத்தினான். "என்னப்பா?" என்றேன். "ஒண்ணுமில்லக்கா, பக்கம் ஒட்டிக்கிச்சு" என்றான். பக்கம் ஒட்டவில்லை. எனக்கு இளையவர்கள் மூன்று பேர் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. விடுபட்டவர்கள் பத்தியில், பார்வைக் குறைபாட்டால் கண்காணிப்புப் பணிக்கு உகந்தவர் அல்லர் என்று ஒரு வரி. அதை முழுசாகப் படித்துச் சொல்ல அவனுக்குக் கால் மணி நேரம் ஆனது. தம்பி, அன்றைக்கு நீ அதைப் பூசி மெழுகாமல் கடைசியில் படித்துவிட்டாயே, அதற்கு முதல் நன்றி. சொல்லாமல் விட்டிருந்தால் 'அடுத்த வருடம் வரும்' என்று நானும் இருந்திருப்பேன்.

இரண்டாவதாக, ஓய்வு பெற்ற எங்கள் பழைய கண்காணிப்பாளர் சார். நான் எழுதிய முதல் புகார் ஆறு பக்கம். அதில் நாலு பக்கம் என் மனவேதனை. சார் தன் மகளை விட்டு அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அழுது எழுதாதீங்கம்மா, தேதி போட்டு எழுதுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் ஒரு ஞாயிறு முழுக்க என்னோடு உட்கார்ந்து, இருக்கை மாற்றிய நாள், கோப்பு கேட்டு நான் கொடுத்த மூன்று கடிதங்களின் நாள், அவற்றுக்கு அலுவலகம் போட்ட ந.க. எண் (பதிவு எண்), அப்போது பக்கத்தில் இருந்தவர் யார் என்று நான்கு பத்தி வைத்து அட்டவணை போட்டுக் கொடுத்தார். ஆறு பக்கம் ஒன்றரைப் பக்கமாகச் சுருங்கியது.

சட்டமும் அவர் சொல்லித்தான் தெரியும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. அதன் 20ஆம் பிரிவு அரசு நிறுவனங்களுக்கென்றே எழுதியது. வேலை சம்பந்தப்பட்ட எதிலும் பாகுபாடு கூடாது. பணி செய்யத் தேவையான நியாயமான ஏற்பாடுகளைச் செய்து தர வேண்டும். மாற்றுத்திறன் ஒன்றையே காரணம் காட்டிப் பதவி உயர்வை மறுக்கக் கூடாது. பணிக்காலத்தில் குறைபாடு வந்தவரை வேலையை விட்டு அனுப்பவோ பதவியில் இறக்கவோ கூடாது. இந்தக் கடைசிப் பாதுகாப்பு இதற்கு முந்தைய 1995 சட்டத்திலேயே 47ஆம் பிரிவாக இருந்ததாம். கால் இழந்த குணால் சிங் என்ற காவலரை மருத்துவக் காரணம் சொல்லிப் பணியிலிருந்து அனுப்பியபோது, 2003-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை வைத்துத்தான் அவர் பக்கம் நின்றது. சார் அந்தத் தீர்ப்பை மனப்பாடமாகச் சொன்னார். முப்பது வருடம் விதி நூல்களோடு குடும்பம் நடத்தியவர்.

சரி, புகாரை யாரிடம் கொடுப்பது? 23ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு அரசு நிறுவனத்திலும் ஒரு குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். எங்கள் துறையில் அது யார் என்று கேட்டால் ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். சங்கத்து அண்ணன்தான் "வாய்ல கேட்டா வாய்லதான் பதில் வரும்" என்று சொல்லி, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரே ஒரு கேள்வி போட வைத்தார்: குறைதீர் அலுவலரின் பெயரும் பதவியும் என்ன? முப்பது நாள் கெடுவில் இருபத்தொன்பதாம் நாள் பதில் வந்தது, 'நியமனம் பரிசீலனையில் உள்ளது' என்று. அடுத்த பத்தே நாளில் சுற்றறிக்கை வந்தது, ஓர் அலுவலர் நியமிக்கப்பட்டிருந்தார். அண்ணே, அந்தப் பத்து ரூபாய்க் கட்டணத்தை நீங்கள் இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை.

தபால் பிரிவில் இருக்கும் தம்பிக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்று தோன்றலாம். விஷயம்தான். புகாரைப் பதிவு செய்த நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பதிவு நாள் தள்ளினால் எல்லாம் தள்ளும். 'வைத்துவிட்டுப் போகச் சொல், அப்புறம் பார்க்கலாம்' என்று உள்ளே இருந்து குரல் வந்தது எனக்கும் கேட்டது. நீ ஒன்றும் பேசாமல் எண் போட்டு, முத்திரை குத்தி, என் நகலில் நாளோடு கையெழுத்திட்டு, எங்கே முத்திரை இருக்கிறது என்று என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினாய். மை ஈரமாக இருந்தது.

அடுத்து எழுதுவதுதான் எனக்குக் கடினம். சாட்சி சொன்ன இருவர். நான் கோப்பு கேட்டதையும், 'கண்ணு தெரியாதவங்களுக்கு எதுக்கு ஃபைல்' என்று பதில் வந்ததையும் நேரில் கேட்டவர்கள் ஏழு பேர். எழுதிக் கொடுத்தது இரண்டு பேர். மற்ற ஐந்து பேர் மேல் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். கொஞ்சம் இருக்கிறது, கரைந்துகொண்டும் வருகிறது. எழுதிக் கொடுத்த இருவரில் ஒருவருக்கு ஓய்வு பெற எட்டே மாதம் இருந்தது. அந்த நேரத்தில் 17(ஆ), அதாவது ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டு, ஒன்று வந்து விழுந்தால் ஓய்வூதியப் பலன் என்ன பாடு படும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அக்கா, நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு, "எம் பேனா நல்லா எழுதுது பாரு" என்று சிரித்தீர்கள். உங்கள் கை நடுங்கியதை மேஜை சொல்லிவிட்டது.

குறைதீர் அலுவலர் மேடம் நேரில் வந்தார். கடமையைத்தான் செய்தேன் என்பார், இருக்கட்டும். என்னிடம் கேள்வி கேட்பதைவிட வேலை செய்து காட்டச் சொன்னார். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் தமிழும் படிக்கும். ஒரு கோப்பைத் திறந்தேன். அது யூனிகோடு அல்லாத வானவில் எழுத்துருவில் அடித்த பழைய கோப்பு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தைக் காட்டும் எழுத்துரு அது. திரையில் அழகான தமிழ், காதில் தலைகால் புரியாத ஆங்கில எழுத்துகளும் குறிகளும். மேடம் அரை நிமிடம் கேட்டுவிட்டு, "இதையா உங்களால படிக்க முடியலன்னு எழுதினாங்க?" என்றார். அதே கோப்பை யூனிகோடுக்கு மாற்றித் தந்த கணினித் தம்பிக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. தமிழ் கணகணவென்று ஒலித்தது. அங்கேயே குறிப்பு வரைந்து காட்டினேன். அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது 2010-இல். இத்தனை வருடம் கழித்தும் என் கண்ணைத்தான் குறை சொன்னோம், எழுத்துருவை யாரும் கேட்கவில்லை.

விசாரணை இரண்டு வாரத்தில் முடிந்தது. பரிந்துரை ஆணையாக மாறத்தான் மாதக்கணக்கில் ஆனது. அந்த மாதங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, என் கணவரைத் தவிர. தினமும் மாலையில் "வந்துச்சா?" என்று கேட்காமல் இருந்தார். அது எவ்வளவு பெரிய உதவி என்று காத்திருந்தவர்களுக்குத் தெரியும்.

அந்த ஒரு வரியை எழுதிய அதிகாரியைப் பற்றியும் கேட்கிறீர்கள். அவர் கொடுமைக்காரர் இல்லை. என் மேல் உண்மையாகவே இரக்கப்பட்டார், அதுதான் பிரச்சினை. திட்டியிருந்தால் முதல் வாரமே புகார் எழுதியிருப்பேன். இரக்கத்துக்கு எதிராக எப்படி எழுதுவது என்று புரியவே ஒன்றரை வருடம் போய்விட்டது.

சார், உங்கள் நீலக் கோப்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. போன வாரம் வேறு அலுவலகத்திலிருந்து, காது கேளாத ஒரு தங்கை வந்தாள். இருக்கை மாற்றிவிட்டார்களாம். உங்கள் அட்டவணையை நகல் எடுத்துக் கொடுத்தேன், முதல் பத்தியில் தேதி போட ஆரம்பித்திருக்கிறாள். ஞாயிறு அவளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், வீட்டில் இருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய உதவியாளர்