முனைக் கடை செவலை நாய் குட்டி போட்டிருக்கு, எல்லாரும் படிச்சிடுங்க

வணக்கம். டிரான்ஸ்பார்மர் பக்கத்து மணல் குவியலுக்குப் பின்னாடிதான் குட்டிங்க இருக்கு, இன்னும் கண்ணு திறக்கல. கிட்ட போனா செவலை உறுமுது. தாய் நாய் அப்படித்தான் இருக்கும், கல் எறியாதீங்க. பசங்களை அந்தப் பக்கம் விளையாட விடாதீங்க. பைக்கை மெதுவா ஓட்டுங்க.

கடிச்சாலோ நகம் பட்டுக் கீறினாலோ மஞ்சள், சுண்ணாம்பு எதையும் தடவ வேணாம். ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு, உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஊசி இலவசம்தான். ஒரு ஊசியோட நிறுத்திடாதீங்க, சொல்ற தேதிக்கெல்லாம் போகணும். ரேபிஸ் வந்துட்டா அப்புறம் காப்பாத்துறது நடக்காத காரியம்.

குட்டிங்க பால் மறந்ததும் செவலைக்குக் கருத்தடை பண்ண மாநகராட்சியில நான் சொல்லிடறேன். ஆபரேஷன் முடிஞ்சதும் காது நுனியை வெட்டி அடையாளம் வச்சு, பிடிச்ச இடத்துலயே விடணும்னுதான் விதி. நம்ம கறுப்பனுக்கு ஏற்கெனவே அது ஆயிடுச்சு, காதைப் பாருங்க. அவனைக் கொண்டுபோய் வேற எங்கயாவது விடச் சொல்லிப் புகார் பண்ணாதீங்க.

வீட்லருந்தே டிசைன் வேலை பாக்குறதால பகல்ல தண்ணி நான் வச்சிடுவேன். இந்த வாரம் ராத்திரியெல்லாம் வேலை இருக்கு, யாராவது சாயந்திரம் தயிர் சாதம் வைக்க முடியுமா? மெடிக்கல், ரேஷன்னு ஏதாவது வாங்கணும்னா பெரியவங்க தயங்காம சொல்லுங்க, மதியம் போற வழியில வாங்கிட்டு வர்றேன்.