அந்தப் பாயைப் பிடிச்சிருந்தது எங்கட பிள்ளையள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

போன கிழமை உங்கட பேப்பரில திருகோணமலை உப்புவெளிக் கடல்ல நாலு சின்னப் பாய்ப்படகு போற படம் ஒண்டு போட்டிருந்தீங்கள். வடிவான படம், தூரத்தில கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலையும் தெரியுது. ஆனா படத்துக்குக் கீழ "பாய்ப்படகில் உல்லாசப் பயணிகள்" எண்டு எழுதியிருந்தது. அந்த நாலு போட்டிலயும் இருந்தது எங்கட பிள்ளையள். ஒருத்தி திருக்கடலூர், ரெண்டு பேர் உப்புவெளி, மற்றவன் கிழமைக்குக் கிழமை கிண்ணியாவில இருந்து வாப்பாட மோட்டர்சைக்கிளில பின்னால ஏறி வாறவன். பேப்பரைக் கொண்டுவந்து எனக்குக் காட்டின அந்தத் திருக்கடலூர்ப் பிள்ளை கேட்டாள், "என்னைப் பாத்தா வெளியூர் ஆள் மாதிரியா இருக்கு?" எண்டு. எனக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்ல, அதுதான் உங்களுக்கு எழுதுறன்.

உங்கட ஆக்களில கோவிச்சு எழுதேல்ல. படத்துக்கு அப்பிடி எழுதினவர் தெரியாமத்தான் எழுதியிருப்பார். ஆனா அந்தத் தெரியாமைதான் எனக்கு வலிக்குது, ஏனெண்டா ஊருக்குள்ளயும் அதே கதைதான். பாய் கட்டின படகைக் கண்டா அது வெள்ளைக்காரர்ட விளையாட்டு, ஹோட்டல்காரர் வாடகைக்கு விடுற சாமான் எண்டுதான் எங்கட ஆக்களே நினைக்கினம். இந்தக் கரையில எஞ்சின் வாறதுக்கு முதல் எல்லாரும் பாயிலயும் துடுப்பிலயும்தானே தொழிலுக்குப் போனவை. வல்வெட்டித்துறையில கட்டின அன்னபூரணி எண்ட பாய்க்கப்பல் 1938ல அத்லாந்திக் கடலையும் தாண்டி அமெரிக்காவில குளொஸ்டர் துறைமுகம் வரைக்கும் போனது, அதில போன மாலுமிமார் வல்வெட்டித்துறை ஆக்கள். அப்பிடிப்பட்ட ஆக்கள்ட பேரப்பிள்ளையள் இண்டைக்குப் பாயைப் பிடிச்சா உல்லாசப் பயணி எண்டு பேர் வருகுது.

நான் அந்தப் பிள்ளையள் பழகுற பாய்ப்படகுக் கழகத்தில கணக்குப் பாக்கிற ஆள். ஒருத்தருக்கும் சம்பளம் இல்லை, எல்லாரும் தங்கட வேலை முடிச்சு வந்து செய்யிறதுதான். கரையில ஒரு ஓலைக் கொட்டில், அதுக்குள்ள சின்னப் பிள்ளையளுக்கான ஒப்டிமிஸ்ட் ஆறு, பெரிய பிள்ளையளுக்கு லேசர் எண்ட பாய்ப்படகு ரெண்டு, எஞ்சின் பூட்டின ரெஸ்கியூ போட் ஒண்டு. ஒப்டிமிஸ்ட் எண்டுறது ரெண்டே கால் மீற்றருக்குக் கொஞ்சம் கூட நீளம், 35 கிலோ பாரம், 1947ல அமெரிக்காவில புளோரிடாவில கிளார்க் மில்ஸ் எண்டவர் சாதாரண வீட்டுப் பிள்ளையளும் ஓடவேணும் எண்டு ரெண்டு பிளைவுட் சீற்றில செய்யக்கூடிய மாதிரி வரைஞ்ச போட். பாக்க ஒரு பெரிய சவர்க்காரப் பெட்டி மாதிரித்தான் இருக்கும், ஆனா இண்டைக்கு ஒலிம்பிக்கில பாய்ப்படகு ஓடுற ஆக்களில கனபேர் சின்ன வயசில இதுக்குள்ள இருந்துதான் பழகினவை.

இந்த முறை சீசன் கொஞ்சம் பிந்தித்தான் தொடங்கினது. வாடைக்காலத்தில, கார்த்திகையில இருந்து தை மாசி மட்டும், எங்கட பக்கம் கடல் அடிப்பு, போட் எல்லாம் கவிழ்த்துக் கட்டிப்போட்டுக் கொட்டிலுக்குள்ள வைக்கிறது. மழை விட்டு வெயில் நல்லாக் காஞ்சாப் பிறகுதான் ஓட்டை அடைக்கிற வேலை, ஈரத்தோட ரெசின் பசை பூசினா அது ஒழுங்கா இறுகாது, ஒரு மாசத்தில உரிஞ்சு வந்திடும். மூண்டு போட்டுக்கு அடி தேஞ்சு பைபர் நார் வெளிய தெரிஞ்சது. மாசிக் கடைசியில நாலு சனிக்கிழமை பிள்ளையளும் தாய்தகப்பன்மாரும் இருந்து சாண்ட்பேப்பரால தேய்ச்சு, பைபர் மாட் வெட்டி ஒட்டிப் பூசி முடிச்சினம். கிழிஞ்ச பாய் ரெண்டையும் உப்புவெளியில தையல்கடை வச்சிருக்கிற அக்கா ஒருவா காசு வாங்காமத் தைச்சுத் தந்தவ. பாய்த்துணியில ஊசி நேராப் போகாது, வழுக்கும், அவ முதல்ல ரெண்டு பக்கமும் செலோரேப் ஒட்டிப்போட்டு அதுக்கு மேலால தைச்சவ, அந்த யோசினை எங்க ஒருத்தருக்கும் வரேல்ல.

பங்குனி சித்திரையில காத்துக் குறைவு, புதுப்பிள்ளையள் பழக அது நல்லம். வைகாசியோட கச்சான் காத்துத் தொடங்கீட்டுது. கச்சானைப் பற்றித்தான் நான் முக்கியமா எழுதவேணும் எண்டு நினைச்சது, தயவுசெய்து இதை வெட்டாமப் போடுங்கோ.

கச்சான் தரையில இருந்து கடலுக்கு அடிக்கிற காத்து. கரையில நிண்டு பாத்தா கடல் குளம் மாதிரி இருக்கும், அலை இல்லை, சின்னப் பிள்ளையை இறக்கலாம் போலத்தான் தோணும். ஏன் அலை இல்லையெண்டா காத்துக்கு அலையை எழுப்ப இடம் காணாது, கரையில இருந்துதானே அது புறப்படுது. அம்பது நூறு மீற்றர் போனாத்தான் அதின்ட பலம் தெரியும், இன்னும் போனா அலையும் எழும்பும். அதுக்குள்ள காத்தடிச்ச டியூப்போ மெத்தையோ வச்சுக்கொண்டு மிதக்கிற ஆளை அது வங்காள விரிகுடாப் பக்கம் தள்ளிக்கொண்டு போயிடும். கையால தள்ளித் திரும்பி வரவே ஏலாது.

போன வருசம் ஆவணியில இது என்ட கண்ணுக்கு முன்னால நடந்தது. வெளி மாவட்டத்தில இருந்து சுற்றுலா வந்த குடும்பம், ரெண்டு பெடியங்கள் லொறி டியூப்பில. தாய் கரையில சோறு பரிமாறிக்கொண்டு இருந்தவ, அவ நிமிந்து பாக்கேக்க தலை ரெண்டும் கறுப்புப் புள்ளியாப் போச்சு. அண்ணன்காரன் தம்பியை டியூப்பில விட்டிட்டுத் தான் நீந்தி வந்து உதவி கேப்பம் எண்டு வெளிக்கிட்டவன், நல்லா நீந்தத் தெரிஞ்ச பெடியன், ஆனா காத்துக்கு எதிரா எவ்வளவு நேரம் நீந்துறது. நல்லகாலத்துக்கு அண்டைக்கு எங்களுக்கு ரெயினிங் இருந்தது, ரெஸ்கியூ போட் தண்ணியில நிண்டது, போய் ரெண்டு பேரையும் தூக்கிக்கொண்டு வந்திட்டம். அண்ணன்காரன் போட்டுக்குள்ள படுத்திருந்து அஞ்சு நிமிசம் கதைக்கேல்ல, கை மட்டும் தம்பின்ட சேட்டைப் பிடிச்சபடி. எங்களுக்கு ரெயினிங் இல்லாத நாளா இருந்திருந்தா உங்கட பேப்பரில அது வேற செய்தி. அப்பிடிச் செய்தி வரேக்க "கடல் இழுத்துச் சென்றது" எண்டுதான் எப்பவும் எழுதுறீங்கள். கடல் சும்மா கிடக்க காத்துத் தள்ளிக்கொண்டு போன சம்பவங்களும் இருக்கு, அது தெரிஞ்சாத்தானே அடுத்த தாய் கவனமா இருப்பா.

அதாலதான் எங்கட முதல் பாடம், போட் கவிண்டா அதை விட்டிட்டு நீந்தக்கூடாது. கரை எவ்வளவு கிட்டத் தெரிஞ்சாலும் கூடாது. கவிண்ட போட் மிதக்கும், அதுக்குள்ள காத்துப்பை மூண்டு கட்டியிருக்கு, அதைப் பிடிச்சபடி நிண்டா தேடி வாறவைக்கும் தெரியும்.

ரெண்டாவது பாடம் காத்தைப் பிடிக்கிறது. இதைப் படிப்பிக்கிறவர் எழுபது வயசு தாண்டின ஐயா, தொழிலுக்குப் போய் ஓய்ஞ்ச மனுசன், இங்கிலீசில போட் சாமான் ஒண்டுக்கும் பேர் தெரியாது, எங்களுக்கு அவரை விட்டா வேற ஆளில்லை. பிள்ளையளைக் கண்ணை மூடச் சொல்லுவார். "முகத்தை மெல்ல மெல்லத் திருப்பு, ரெண்டு காதிலயும் ஒரே மாதிரிக் கேக்குதா, அப்ப காத்து உன்ட மூக்குக்கு நேர வருகுது, இப்ப கண்ணைத் திற." இவ்வளவுதான் பாடம். ஒரு மாசத்தில அந்தப் பிள்ளையள் பஸ்சால இறங்கேக்கயே "இண்டைக்கு வடக்கால வருகுது சேர்" எண்டு சொல்லுங்கள். சில நாளில பின்னேரத்தில கடல்காத்து எழும்பி வந்து கச்சானோட முட்டும், அப்ப கொஞ்ச நேரம் பாய் தொங்கும், பிறகு திடீரெண்டு மற்றப் பக்கத்தால அடிக்கும். அதை முன்கூட்டியே தண்ணியின்ட நிறத்தைப் பாத்துச் சொல்லுறதையும் அவர்தான் பழக்கினவர், கறுத்துச் சுருங்கின தண்ணி எங்க வருகுதோ அங்கதான் காத்து.

படத்தில முதல் போட்டில இருந்தாளே, அந்தத் திருக்கடலூர்ப் பிள்ளை, பதினொரு வயசு, இந்த ஆனியில தான் முதல்முதலா ஆழத்தில கவிண்டவள். நாங்கள் ரெஸ்கியூ போட்டில பக்கத்திலதான் நிண்டம், கை குடுக்கேல்ல. தண்ணிக்குள்ளால எழும்பி இருமினாள், முதல்ல கயித்தை ஒரு கையில சுத்தினாள், சுத்தி வந்து போட்டின்ட அடியில நீட்டி நிக்கிற டாகர் போர்ட் எண்ட பலகையில கையைப் போட்டுத் தொங்கினாள், அசையேல்ல, அவள் பாரம் காணாது. பிறகு முழங்காலை வச்சு மேல ஏறி, அந்தப் பலகையில எழும்பி நிண்டு, போட்டின்ட விளிம்பைப் பிடிச்சுக்கொண்டு பின்னால சாஞ்சாள். பாய் தண்ணியை வழிச்சுக்கொண்டு மெல்ல எழும்பிச்சுது. உள்ள ஏறி, வெட்டின பிளாஸ்டிக் கானால தண்ணியை இறைச்சுக்கொண்டே எங்களைப் பாத்து "அண்ணை நீங்கள் தள்ளி நில்லுங்கோ, காத்தை மறைக்கிறீங்கள்" எண்டாள். அவளத்தான் நீங்கள் உல்லாசப் பயணி எண்டு போட்டது ஐயா.

உறுப்பினர்மார்ட செய்தி கொஞ்சம். லேசர் ஓடின எங்கட தம்பி ஒருத்தர் யூனிவர்சிட்டி கிடைச்சு பேராதனைக்குப் போட்டார், லீவில வந்து படிப்பிக்கிறன் எண்டிருக்கிறார். எஞ்சின் பாத்துக்கொண்டிருந்த அண்ணை குடும்பத்தோட கனடாவுக்குப் போட்டார், போகமுதல் ஓடி வந்தாப் பிறகு எஞ்சினை நல்லதண்ணியில எப்பிடிக் கழுவுறது எண்டு பொறுமையா எல்லாருக்கும் காட்டிப்போட்டுத்தான் போனவர். சீனன்குடாப் பக்கத்தில இருந்து ரெண்டு சிங்களப் பிள்ளையள் புதுசாச் சேர்ந்திருக்கினம். இப்ப தண்ணியில மூண்டு பாசையும் கேக்குது, வலப்பக்கத்தால காத்து வாங்கிற போட்டுக்கு மற்றவர் விலகவேணும் எண்ட சட்டத்தை ஒரு பிள்ளை தமிழில கத்த மற்றது சிங்களத்தில மறுமொழி சொல்லி விலகுது. பொம்பிளைப் பிள்ளையள் முதல்முறையா ஆம்பிளைப் பிள்ளையளை விட ஒராள் கூட, இதில எனக்குச் சரியான சந்தோசம்.

கஷ்டம் எண்டா ஒண்டுதான். போட் இருக்கு, காத்து இருக்கு, பிள்ளையள் இருக்கினம், ரெஸ்கியூ போட்டில நிக்கப் பெரியாக்கள் இல்லை. ரெண்டு பேர் கட்டாயம் வேணும், ஒருத்தர் எஞ்சினில, மற்றவர் தண்ணியில இருக்கிற பிள்ளையைத் தூக்க. ரெண்டு பேரோட ரெஸ்கியூ போட் தண்ணியில நிக்காட்டி ஒரு போட்டும் இறங்காது, அது எங்கட சட்டம், கச்சான் அடிக்கிற ஊரில அதை மாத்த ஏலாது. 2022ல பெற்றோல் இல்லாமப் போய் QR கோட்டில அளந்து குடுத்த காலத்தில அந்தச் சட்டத்தால சீசன் முழுக்கக் கரையில இருந்தம், பிள்ளையள் மணலில போட்டை வச்சுப் பாயைக் கட்டிப்போட்டு அதுக்குள்ள ஏறி இருந்துதான் பழகினவை. இப்ப பெற்றோல் இருக்கு, ஆள் இல்லை. போன மாசம் ரெண்டு சனிக்கிழமை லைஃப் ஜக்கெட் போட்ட பிள்ளையளைத் திருப்பி வீட்டை அனுப்பினம். ஒரு பிள்ளை கழட்டாம அப்பிடியே போட்டுக்கொண்டு ரோட்டு மட்டும் போனது, கூப்பிட்டு வாங்க எனக்கு மனம் வரேல்ல.

உங்களிட்ட ரெண்டு விசயம் கேக்கிறன். முதலாவது, அந்தப் படத்துக்குத் திருத்தம் போடுங்கோ, "திருகோணமலைப் பிள்ளைகள்" எண்டு மட்டும் போட்டாக் காணும். மற்றது, காலநிலைப் பகுதியில மழையும் வெப்பமும் போடுற மாதிரி காத்து எந்தப் பக்கத்தால வருகுது எண்டதையும் ஒரு வரி போடுங்கோ, வைகாசியில இருந்து புரட்டாசி மட்டும் நிலாவெளி, உப்புவெளிக்கு வாற சனத்துக்கு "இன்று கச்சான், டியூப்பில் இறங்க வேண்டாம்" எண்டு ஒரு வரி. அதுக்குப் பெரிய இடம் தேவைப்படாது.

வாசிக்கிற ஆக்களுக்கு, சனிக்கிழமை பின்னேரம் மூண்டு மணிக்கு நாங்கள் கரையில நிப்பம், டியூசன் முடிஞ்சு வாற பிள்ளையளுக்காகத்தான் அந்த நேரத்துக்கு மாத்தினது. பெரியாக்களுக்குப் பாய் ஓடத் தெரிஞ்சிருக்கத் தேவையில்லை, நீந்தத் தெரிஞ்சாக் காணும், எஞ்சின் பிடிக்கிறதும் ஆளைத் தூக்கிறதும் ரெண்டு கிழமையில பழக்கி விடுவம். பிள்ளையளுக்கு ஒரு தொப்பியும் மாத்து உடுப்பும் தாய் தகப்பன்ட கையெழுத்தும் வேணும். புரட்டாசி மட்டும்தான் காத்து, அதுக்குப் பிறகு திரும்பவும் போட்டைக் கவிழ்த்துக் கட்டிப்போடுவம்.

இப்படிக்கு,
பாய்ப்படகுக் கழக உறுப்பினர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.