கியரை விடுவிக்கும்போது எஞ்சின் அணைகிறதா? முதலில் கேபிளைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் படகுப் பராமரிப்புக் குறிப்புகளில், ஸ்டெர்ன்டிரைவ் படகை (எஞ்சின் உள்ளேயும், புரொப்பெல்லரைச் சுழற்றும் டிரைவ் பின்சுவருக்கு வெளியேயும் இருக்கும் படகு) முன் கியரிலிருந்து நியூட்ரலுக்குக் கொண்டுவரும்போது எஞ்சின் அணைந்தால் கார்புரேட்டரைச் சுத்தம் செய்யுங்கள், ஐடில் வேகத்தை, அதாவது எஞ்சின் சும்மா ஓடும் வேகத்தைக் கூட்டுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். மெர்க்ரூசர் நிறுவனத்தின் ஆல்ஃபா வகை டிரைவ் உள்ள படகுகளில் இந்த யோசனை கெடுதல் செய்யும். ஐடில் கூடினால் கியர் விழும் அடி பலமாகும், டிரைவுக்குள் கியரைப் பற்களால் கோக்கும் டாக் கிளட்ச்சின் பற்கள் மழுங்கும். பெரும்பாலும் பழுது, எஞ்சினிலிருந்து டிரைவுக்குப் போகும் கீழ் கியர் கேபிளில்தான் இருக்கும்.

காரணம் இதுதான். டாக் கிளட்ச்சின் பற்கள் சுமை இருக்கும்வரை ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கும், எளிதில் விடாது. அதற்காகவே எஞ்சின் மேலுள்ள ஷிஃப்ட் பிராக்கெட்டில் (கியர் கேபிள்கள் வந்து சேரும் தகடு) ஒரு சிறிய ஸ்விட்ச் வைத்திருக்கிறார்கள். கியரை விடுவிக்கக் கைப்பிடியை இழுத்ததும் அது இக்னிஷனை ஒரு கணம் துண்டிக்கும். சுமை குறையும், பற்கள் விடும், ஸ்விட்ச் தன் இடத்துக்குத் திரும்பும். கீழ் கேபிள் இறுகியிருந்தால் அந்த இறுக்கத்தையும் ஸ்விட்ச் சுமையாகவே எடுத்துக்கொள்ளும். அதன் லீவர் திரும்பாமல் தாமதிக்க, எஞ்சின் அணைந்துவிடும். ஸ்விட்ச்சின் வயரைக் கழற்றிவிட்டு ஓட்டுபவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், கியர் விடாமல் படகு துறையில் போய் மோதும். மெர்க்ரூசரின் மற்றொரு டிரைவான பிராவோ வகையில் பற்களுக்குப் பதில் கூம்பு கிளட்ச் என்பதால் அறிகுறி வேறு: கைப்பிடி கனமாகும்.

கேபிள்கள் இரண்டு. கைப்பிடியிலிருந்து பிராக்கெட் வரை வருவது மேல் கேபிள். பிராக்கெட்டிலிருந்து படகின் பின்சுவரைக் கடந்து, டிரைவ் பொருந்தும் கூடான பெல் ஹவுசிங்குக்குள் போவது கீழ் கேபிள். வெளியே நீரில் இருப்பதும், டிரைவ் திரும்பும்போதும் உயரும்போதும் வளைந்து வளைந்து உழைப்பதும் கீழ் கேபிள்தான். அதன் மேலுறை வெடித்தால் நீர் புகுந்து உட்கம்பி துருப்பிடிக்கும். அதைவிட மோசமானது, அதே உறை வழியாக நீர் படகின் அடித்தளத்துக்கே வந்து சேரும். நீரிலேயே கட்டி வைக்கும் படகுக்கு இது மூழ்கும் ஆபத்து.

எது பழுது என்று கண்டுபிடிக்க, எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு, பிராக்கெட்டிலிருந்து இரண்டு கேபிள்களையும் கழற்றுங்கள். கைப்பிடியை அசைத்தால் மேல் கேபிளின் முனை தடையில்லாமல் ஓட வேண்டும். அடுத்து கீழ் கேபிளின் முனையை விரலால் பிடித்துத் தள்ளி இழுங்கள். அதே சமயம் இன்னொருவர் புரொப்பெல்லரைக் கையால் சுற்ற வேண்டும், இல்லையென்றால் பற்கள் நேராக அமையாமல் நல்ல கேபிளும் இறுகியதுபோலத் தோன்றும். விரலுக்கு அது பணியாவிட்டால் டிரைவைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். இப்போது ஓடினால் பழுது டிரைவின் ஷிஃப்ட் தண்டில், அப்போதும் இறுகினால் கேபிளில்.

டிரைவைக் கழற்றும் முன் ஆல்ஃபாவை முன் கியரிலும் பிராவோவை நியூட்ரலிலும் வைக்க வேண்டும். இதை மறந்து பலம் கொடுத்தால் ஷிஃப்ட் இணைப்பு வளைந்துபோகும். ஆறு நட்டுகள்தான், ஆனால் டிரைவ் கனமானது. தாங்கியோ தூக்கியோ இல்லாமல் தொடங்க வேண்டாம்.

பழைய கீழ் கேபிளின் வெளிக்குழாய் பெல் ஹவுசிங்கில் மரையிட்டு இறுக்கப்பட்டிருக்கும். அதற்கென்றே பக்கவாட்டில் பிளவுள்ள நீண்ட சாக்கெட் இருக்கிறது. பிளையரால் திருகினால் மரை போய்விடும், பிறகு பெல் ஹவுசிங்கையே மாற்ற வேண்டியதுதான். புதியதைப் போடும்போது மரையில் சீலண்ட் தடவுங்கள். கேபிளின் சிறிய பெல்லோஸையும் (ரப்பர் மடிப்புறை) அதன் பட்டையையும் கூடவே மாற்றிவிடுங்கள். உட்கம்பிக்குக் கேபிளுடன் வரும் செய்முறை சொல்லும் கிரீஸை மட்டும் பூச வேண்டும். மேல் கேபிள் அப்படியல்ல: அதன் உள்ளே பிளாஸ்டிக் உறை, எண்ணெயோ கிரீஸோ செலுத்தக் கூடாது. வெளியே தெரியும் முனைத் தண்டைத் துடைத்து லேசாகப் பூசினால் போதும். இறுகிய மேல் கேபிளையும் எண்ணெய் விட்டுக் காப்பாற்ற முடியாது, மாற்றத்தான் வேண்டும். புதியதை 8 அங்குல ஆரத்துக்குக் குறைவாக வளைக்காதீர்கள். சூடான எக்ஸாஸ்ட் பக்கம் போக விடாதீர்கள். முனைக்கு அருகே டையால் இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

அளவு வைப்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். ஆல்ஃபா கீழ் கேபிளில் பித்தளை உருளையின் நடுவிலிருந்து முனைத் துளையின் நடு வரை 6 அங்குலம், அதாவது 152 மி.மீ. இருக்க வேண்டும். இதை முதலில் நிலைநிறுத்திவிட்டு, மேல் கேபிளை அதற்கு ஏற்றபடி திருகிப் பொருத்த வேண்டும். வரிசை மாறினால் ஒன்றின் பிழையை மற்றொன்று மறைத்துவிடும். கேபிள் தான் மாட்டும் ஊசியில் தானாகவே போய் உட்கார வேண்டும், தள்ளி உட்கார வைத்தால் அளவு தவறு. கைப்பிடி நியூட்ரலில் இருக்கும்போது ஸ்விட்ச்சின் உருளி வி வடிவப் பள்ளத்தின் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். நைலான் நட்டை முட்டும்வரை இறுக்கி, அரைச் சுற்றுத் தளர்த்துங்கள், முனை சுழல இடம் வேண்டும். முனை கழலாமல் பூட்டும் காட்டர் பின் எப்போதும் புதியதாக இருக்கட்டும், இரண்டு கால்களையும் விரித்துவிடுங்கள்.

நீரில் இறக்கியதும் படகை டிரெய்லரிலிருந்து விடுவிக்க வேண்டாம். கேபிள் உள்ளே நுழையும் இடத்தையும் பிராக்கெட் அருகிலுள்ள முனையையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு சொட்டு தெரிந்தாலும் படகை அப்படியே மேலே இழுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
படகு எஞ்சின் மெக்கானிக் ஒருவர்